ராமநாதபுரம் கடற்கரைக்கு ஊரடங்கின் மேல் ஏன் அவ்வளவு கோபம்?

அனுமதி வாங்கித்தான் பிழைக்க வேண்டும் என்பது ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்குக் கொரோனா வந்து சொல்லித் தெரிந்த விஷயம் இல்லை. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கிளம்ப மீன்வளத்துறை டோக்கன் வேண்டும். படகில் ஏறும் ஆளிடம் அடையாள அட்டை இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் எதிலாவது கால் வைத்தால் வனத்துறை பிடிக்கும். கரையில் மெரைன் போலீஸ், உளவு பார்க்கும் கியூ பிரிவு போலீஸ், சுங்கத்துறை. கடலில் கடலோரக் காவல்படை. எல்லைக்கோட்டைத் தாண்டினால் இலங்கைக் கடற்படை. தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் சுமார் 237 கிலோமீட்டர் இந்த ஒரு மாவட்டத்தில் வருகிறது. அந்தக் கரை முழுக்க, யாரோ ஒருவரிடம் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள்.

இப்படிப் பழகிய சனம் 2020-லும் 2021-லும் ஊரடங்கின் மேலும், அதைக் கையில் லத்தியோடு அமல்படுத்தியவர்கள் மேலும் அவ்வளவு கடுப்பானது ஏன்? "கடற்கரைக்காரனுக்குக் கட்டுப்பாடே பிடிக்காது" என்று அப்போது சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை விஷயம் ஏறக்குறைய நேரெதிர். ஒரு விதி எப்படி இருந்தால் ஓடும், எப்படி இருந்தால் ஓடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இவர்கள். அதனால்தான் இந்த விதிகள் அவர்களை அவ்வளவு உறுத்தின.

பேசி வைத்த விதிகள்

பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இறங்கினால் நாட்டுப்படகுக்காரரின் வலை அறுபடும், கரைக்கு வந்ததும் கைகலப்பு நடக்கும். பல வருடத் தகராறுக்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் நாள் பிரிப்பு. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. இதை மீறுகிறவர்கள் இல்லாமல் இல்லை. மீறினால் சங்கத்தில் பஞ்சாயத்து நடக்கும், மறியல் நடக்கும், அதிகாரிகள் வருவார்கள். ஆனால் இந்த விதி எதற்காக இருக்கிறது என்று எந்தப் படகுக்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கும் வேலை. தீவுப் பக்கம் போகக்கூடாது என்று வனத்துறையோடு அவர்களுக்கு நெடுநாள் இழுபறி. அப்படியும் பாசி அழியக்கூடாது என்று, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களாகவே ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். யாரும் பக்கத்தில் நின்று அபராதம் போட்டு வந்த வரம்பு இல்லை அது.

144 தடை உத்தரவும் இங்கே வருடாந்திரச் சங்கதி. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. இரண்டையும் ஒட்டி மாவட்டம் முழுக்கத் தடை உத்தரவு, வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு, வெளிமாவட்டப் போலீஸ் குவிப்பு. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் நடந்த துப்பாக்கிச்சூட்டை மறந்தவர்கள் இங்கே குறைவு. ஆக, போலீஸ் தடுப்புக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற பயிற்சியும் இந்த மாவட்டத்துக்குக் கொரோனாவுக்கு முந்தியது.

மதியம் ஒரு மணி

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 அமலுக்கு வந்தது. அன்று இரவே 21 நாள் தேசிய ஊரடங்கு அறிவிப்பும் வந்துவிட்டது. மளிகை, காய்கறிக் கடைகளுக்குக் காலை 6 முதல் பகல் 2.30 வரை நேரம் கொடுத்தார்கள். ஏப்ரல் 5 முதல் அதையும் ஒரு மணியாகக் குறைத்தார்கள். நகரத்தில் ஒரு குடும்பம் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப இது போதுமான நேரம்தான். வாங்குகிறவர்களை நினைத்துப் போட்ட நேரம் அது.

விற்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு மாறும். இரவு வலை விட்ட வத்தை, வள்ளம் போன்ற நாட்டுப்படகுகள் விடியக்காலையில் கரை சேரும். மணலிலேயே கூறு கட்டி ஏலம். தரகர் விலை கூவி முடித்து, மீன்காரப் பெண்கள் சட்டியில் அள்ளி, ஐஸைத் தட்டிப் போட்டு, பாலித்தீனை மூடிக் கட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். பிறகு பஸ் பிடித்து உச்சிப்புளி, ராமநாதபுரம், இன்னும் உள்ளே பரமக்குடி வரைக்கும் போக வேண்டும். மீனுக்குக் காலையில் ஒரு விலை, பதினொரு மணிக்குப் பாதி விலை, மதியத்துக்கு மேல் போனால் கருவாட்டு விலை. பஸ்ஸே ஓடாத ஊரில் ஒரு மணிக்குள் கடையைக் கட்டு என்றால், அந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருக்கும் நேரம் எவ்வளவு?

பஸ் இல்லையென்று வீட்டு ஆம்பிளையின் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-லில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், விலக்கு ரோட்டில் சவுக்குக் கட்டையைக் குறுக்கே போட்டுத் தடுப்பு.

"எங்க போற?"

"மீனு ஏட்டையா."

"பாஸ் இருக்கா?"

ஏட்டையாவின் கேள்வியில் தப்பு சொல்ல முடியாது. பாஸ் தருகிற ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். மீன் ஐந்து மணிக்கே கரைக்கு வந்துவிட்டது. இந்த ஐந்து மணி நேர இடைவெளிக்குள்தான் அந்த நாட்களின் சச்சரவில் பாதி அடங்கும். மீதி, அந்த இடைவெளியில் யார் டியூட்டி பார்த்தார் என்பதைப் பொறுத்தது. ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்வார். மறுநாள் அதே இடத்தில் இன்னொருவர் சாவியைப் பிடுங்குவார். நேற்று விட்டார்களே என்று கேட்டால், எதிர்த்துப் பேசியதாகிவிடும்.

ஏப்ரல் 10 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் மீன்பிடித் தொழிலுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். நோய் தின்ற மூன்று வாரத்தோடு தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. ஊரடங்கு நாட்களைத் தடைக்காலத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று மீனவர்கள் கேட்டார்கள், அந்த வருடம் மட்டும் தடை மே 31-ஓடு முடியும் என்று மத்திய அரசும் இறங்கி வந்தது. கேட்டு வாங்க முடிந்த விதி என்பதால் இதில் பெரிய கசப்பு மிஞ்சவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் தடைக்காலத்தில் படகு சும்மா கிடப்பதில்லை. கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். ஆசாரி வர முடியவில்லை, பட்டறை திறக்கவில்லை, பெயிண்ட் கடையும் உதிரிப்பாகக் கடையும் அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. ஏற்றுமதி படுத்துவிட்டதால் இறாலையும் நண்டையும் கணவாயையும் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் பழைய விலைக்கு வாங்கத் தயாராக இல்லை. கடலுக்குப் போகலாம் என்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போக வழியில்லாமல் இருந்த காலம் அது.

அப்புறம் ஞாயிறு முழு ஊரடங்கு. 2020 ஜூலையிலும் ஆகஸ்டிலும் எல்லா ஞாயிறும் தளர்வே இல்லாத ஊரடங்கு. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலையின்போதும் 9, 16, 23 என்று மூன்று ஞாயிறு. சனிக்கிழமை காலை டோக்கன் போட்டு இறங்கும் விசைப்படகு ஞாயிறு காலைதான் கரைக்கு வரும். வாரத்தின் மூன்று தொழில் நாளில் ஒன்றின் மொத்தப் பாடும், கடை திறக்காத, வண்டி ஓடாத நாளில் வந்து இறங்கும். தமிழ்நாடே மீனும் கறியும் வாங்குகிற நாளும் அதுதான். சென்னையில் கூட்டத்தைக் குறைக்க ஞாயிறு தோதான நாளாக இருந்திருக்கலாம். ராமேஸ்வரம் ஜெட்டியில் வார வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அதில் அடிபட்டது.

ஒரே ரோடு

ராமேஸ்வரம் தீவுக்குள் வண்டி போக ஒரே வழி, 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம். மற்ற ஊர்களில் மெயின் ரோட்டில் தடுப்பு வைத்தால் வயல் வழியாக, கம்மாய்க்கரை வழியாக ஆள் போய்விடுவார். இங்கே பாலத்தில் ஒரு தடுப்பு வைத்தால் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் என்று மொத்தத் தீவும் பூட்டிய வீடுதான். ரயிலும் 2020 மார்ச்சில் நின்றுவிட்டது.

தீவிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை சுமார் 55 கிலோமீட்டர். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12 அன்று, அதாவது முதல் இரண்டு அலையும் முடிந்த பிறகு. அதுவரை கொஞ்சம் சிக்கலான நோய் என்றாலே மதுரைதான். மதுரைக்குப் போக ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை என்று மூன்று மாவட்டம் கடக்க வேண்டும். 2020 ஜூன் 24 முதல் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள், அது ஜூலை நடுப்பகுதிவரை நீண்டது. டயாலிசிஸ், கீமோ என்று நாள் குறித்துப் போக வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் இ-பாஸ் விண்ணப்பம். காரணம் சொல்லாமலே நிராகரிப்பு வந்துவிடும். அவசரமாகப் போக வேண்டியவர் மறுபடி முதலிலிருந்து ஆதார் எண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தவுடன் பாஸ் என்று தளர்த்தினார்கள். செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கிடையே இ-பாஸே தேவையில்லை என்றார்கள். யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும் என்றால் அந்தப் பாஸ் எதற்கு என்ற கேள்விக்கு அந்த இரண்டு வாரத்தில் யாரிடமும் பதில் இல்லை.

2021-ல் இன்னொரு வேடிக்கை. மே 8 முதல் அரசு சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மீன்காரப் பெண்களுக்கு அது நிஜமான உதவி. மே 10 முதல் முழு ஊரடங்கு, பஸ்ஸே ஓடவில்லை. மே 24 முதல் மளிகைக் கடையும் மூடல், காய்கறி வண்டி மட்டும் தெருவுக்கு வரும் என்றார்கள்.

இருநூறு ரூபாயும் பாஸ்போர்ட்டும்

சட்டம் என்ன சொன்னது என்று இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கடற்கரையின் தனிப்பட்ட பயம் இதில்தான் இருக்கிறது.

ஊரடங்கு உத்தரவுகள் 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம், 1897-ம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவு ஆகியவற்றின் மேல் நின்றன. மீறினால் பெரும்பாலும் போட்டது இந்திய தண்டனைச் சட்டம் 188, அதாவது அரசு ஊழியர் முறைப்படி போட்ட உத்தரவை மீறுதல். தண்டனை ஒரு மாதம் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம், உயிருக்கு ஆபத்து வரும் மீறல் என்றால் ஆறு மாதம் அல்லது 1,000 ரூபாய். இதோடு நோய் பரப்பும் கவனக்குறைவுக்கான 269-ம் சேரும்.

188-ல் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த உத்தரவைப் போட்ட அதிகாரி அல்லது அவருக்கு மேலதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195. இதை வைத்துத்தான் 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 188-க்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று தெளிவாகச் சொன்னது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு. ராமநாதபுரம் மாவட்டம் அதே மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. அப்படியிருந்தும் 2020-ல் தமிழ்நாடு முழுக்க எஃப்.ஐ.ஆர்.கள் குவிந்தன. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். வன்முறை, போலி இ-பாஸ், போலீஸாரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது போன்றவை மட்டும் விதிவிலக்கு.

பத்து லட்சம் வழக்கைப் போட்டுவிட்டு ஒரே அறிவிப்பில் கைவிட முடிகிறது என்றால், அவற்றில் எத்தனை ஆரம்பத்திலேயே போட்டிருக்கக்கூடாதவை என்று யோசிக்கத்தான் தோன்றுகிறது.

மற்ற இடங்களில் 188 வழக்கு என்றால் வண்டி கைப்பற்றல், ஸ்டேஷன் ஜாமீன், ஒரு கையெழுத்து, கொஞ்சம் அலைச்சல். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ இருப்பார். இறங்குமுகத்தில் உள்ள மீன் தொழிலை விட்டுவிட்டு வளைகுடாவில் படகு ஓட்டப் போகும் மீனவர்களும் நிறைய. 2020 ஜூலை 1 அன்று ஈரானிலிருந்து ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்த 687 பேரில் பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டு மீனவர்கள். இப்படிப்பட்ட ஊரில் தடுப்பில் மாட்டியவர் முதலில் கேட்டது அபராதத் தொகையை இல்லை. "பாஸ்போர்ட்ல இடிக்குமா காக்கா?" என்றுதான். காக்கா என்றால் இந்தப் பக்கம் அண்ணன்.

நியாயமான பயம். 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க இடம் தருகிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். நிலுவை வழக்கு ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் போலீஸ் வெரிஃபிகேஷன் ரிப்போர்ட்டில் ஒரு வரி ஏறிவிட்டால், அதை இறக்க ஆகும் நாட்களுக்குள் விசா காலாவதியாகிவிடும். புது வேலைக்குப் போகும்போது கேட்கிற, குற்ற வழக்கு இல்லை என்று போலீஸ் தரும் பி.சி.சி. சான்றிதழும் அதே ஸ்டேஷனிலிருந்துதான் வர வேண்டும். நாளைக்குச் சான்றிதழ் கேட்டு நிற்கப் போகிற வாசலைச் சேர்ந்தவரிடம் இன்றைக்கு எப்படி வாதாடுவது? தெருவில் பணிந்து போனவர்கள் வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

2020 செப்டம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி உடனடி அபராதத்துக்கு வழி செய்தார்கள். மாஸ்க் இல்லையென்றால் 200, பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500, விதி மீறும் கடைகளுக்கு 5,000. வழக்கைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. பணத்தோடு போய்விடும், பேர் எங்கும் ஏறாது. ஆனால் அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் கூலியே ஒரு நாளைக்கு 256 ரூபாய். 2022 ஜனவரியில் மாஸ்க் அபராதம் 500 ஆனபோது அது ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. காரில் போகிறவருக்கும் அதே 500.

சாத்தான்குளத்துக்குப் பிறகு

மூக்கையூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் தூத்துக்குடி மாவட்டம். 2020 ஜூன் 19 அன்று அங்கே சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்தார்கள். 22-ம் தேதி இரவு மகனும் 23-ம் தேதி அதிகாலை அப்பாவும் இறந்துபோனார்கள். அந்த எஃப்.ஐ.ஆரிலும் 188, 269 பிரிவுகள் இருந்தன. மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது, பிறகு விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது.

ஊரடங்கு மீறல் என்ற சின்ன விஷயம் எங்கே போய் முடியலாம் என்பதைக் கடற்கரை முழுக்க அந்த வாரம் பார்த்துக்கொண்டது. கடையின் ஷட்டரைப் பத்து நிமிடம் முன்னாலேயே இறக்கியவர்கள் பயந்துதான் இறக்கினார்கள். அதே பயத்துக்குள் வேறொன்றும் இருந்தது. அதுவரை "நோய்க்காகத்தானே சொல்றாங்க" என்று போலீஸுக்கு ஆதரவாகப் பேசிய ஆட்கள் டீக்கடையில் வாயைத் திறக்கவில்லை.

சாத்தான்குளம் விவகாரத்தில் போலீஸ் நண்பர்கள் குழு என்ற ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் பேரும் அடிபட்டது. 2020 ஜூலையில் அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. அந்த அமைப்பு பிறந்ததே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். 1993-ல் இங்கே எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி.பிலிப் தொடங்கியது. போலீஸுக்கும் சனத்துக்கும் நடுவில் ஊர்க்காரர் ஒருவர் நின்றால் உரசல் குறையும் என்பது அதன் அடிப்படை யோசனை. யோசனை நல்லதுதான். ஆனால் ஊரடங்கில் தடுப்புக்குப் பக்கத்தில் சீருடையும் பொறுப்பும் இல்லாத இளைஞர்கள் குச்சியோடு நின்று வண்டியை மறித்ததைப் பார்த்தவர்களுக்கு, இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற கேள்விதான் வந்தது.

இதே வருடம் கடல் பக்கத்திலும் கெடுபிடி கூடியது. இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்திவிட, அங்கே விலை எகிறி, இங்கே மண்டபம், வேதாளை கரைகளில் மஞ்சள் மூட்டைகள் பிடிபட ஆரம்பித்தன. பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டையின் கடத்தலுக்காக இருந்த ரோந்து மஞ்சளுக்கும் சேர்ந்தது. இரவில் வலைக்குப் போகிற ஆள் ஒரே சமயத்தில் நோய் பரப்புகிறவராகவும் மஞ்சள் கடத்துகிறவராகவும் சந்தேகப்பட வேண்டியவர் ஆனார்.

யாருக்குக் கூட்டம் கூடலாம்

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் இந்தக் கரையில் நம்பிக்கையோடு பிழைப்பும். ராமநாதசுவாமி கோயில் 2020 செப்டம்பர் 1 அன்று திறந்தாலும், 22 தீர்த்தக் கிணறுகள் மேலும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கிணற்றில் வாளி விட்டு இறைத்து ஊற்றும் ஆட்கள், புரோகிதர்கள், சங்குக் கடை, லாட்ஜ், தனுஷ்கோடிக்கு ஆட்டோ ஓட்டுகிறவர் என்று ஒரு ஊரே அந்த வாளியை நம்பி இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் குளிக்கத் தடை. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு வெளியூர்ச் சனம் இல்லை. ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சி ஊற்ற முடியவில்லை, அரிசியை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2021-ல் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இங்கிருந்து யாரும் போகவில்லை. கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர்.

இதையெல்லாம் சனம் ஏற்றுக்கொண்டது என்றே சொல்வேன். முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனாலும் ஏற்றுக்கொண்டது. ஏற்க முடியாமல் போனது 2021 மார்ச், ஏப்ரலில். எல்லாக் கட்சிக்காரர்களும் லாரி வைத்து ஆள் ஏற்றி, மாஸ்க் இல்லாத கூட்டத்துக்கு நடுவில் ஓட்டுக் கேட்டார்கள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஏப்ரல் 10 முதல் புதுக் கட்டுப்பாடுகள், 20 முதல் இரவு ஊரடங்கு. இருபது பேர் கணக்கில் அப்பாவை அடக்கம் செய்தவர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? அன்றைய சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி ஏப்ரல் 26 அன்று, இரண்டாவது அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்கு விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னார். கடுமையான வார்த்தை என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. கடற்கரையில் யாருக்கும் அது கடுமையாகப் படவில்லை. டாஸ்மாக் கதையும் இப்படித்தான். 2020 மே 7 திறப்பு, மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது, 16-ம் தேதி மறுபடி திறப்பு. அந்த மே மாதத்தில் கோயில் நடை சாத்தியே இருந்தது.

தடுப்பில் நின்ற போலீஸ்காரரின் நிலைமையையும் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை. மாதக் கடைசியில் இரவோடு இரவாக வாட்ஸ்அப்பில் வரும் அரசாணை, பல பக்கம், ஆங்கிலத்தில். காலை ஆறு மணிக்கு ரோட்டில் நிற்கிற கான்ஸ்டபிள் அதைப் படித்து, உதிரிப்பாகம் வாங்கப் போகும் படகுக்காரர் எந்தப் பிரிவில் வருவார் என்று முடிவு செய்ய வேண்டும். விட்டால் மேலே திட்டு, பிடித்தால் எதிரில் நிற்கிறவரின் சாபம். சந்தேகம் வந்தால் பிடித்து வைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. நோயும் அவரை விட்டுவைக்கவில்லை. வெயிலில் நின்றவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுத்ததும் இதே ஊர்க்காரர்கள்தான். ஆனால் விதி தெளிவில்லாதபோது அதன் விலையைக் கொடுப்பது எப்போதும் தடுப்புக்கு வெளியே நிற்கிறவர் என்பதையும் மறைக்க முடியாது.

பழைய வழக்கு இன்னும் இருக்கிறதா?

2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பேரும் எண்ணும் மாறிவிட்டன. 144 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163. ஊரில் இன்னும் 144 என்றுதான் சொல்கிறார்கள். 188 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. தண்டனை ஏறியிருக்கிறது: ஒரு மாதம், 200 ரூபாய் என்றிருந்தது ஆறு மாதம், 2,500 ரூபாய் ஆனது. உயிருக்கு ஆபத்து தரும் மீறலுக்கு ஓராண்டு, 5,000 ரூபாய். அதிகாரியின் எழுத்துப் புகார் இல்லாமல் நீதிமன்றம் எடுக்க முடியாது என்ற பழைய முடிச்சு புதுச் சட்டத்திலும் 215-வது பிரிவாக அப்படியே இருக்கிறது. அடுத்த முறை யாராவது தடுப்பில் பிடித்து எஃப்.ஐ.ஆர். என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

2020, 2021 வழக்கு தன் பேரில் இன்னும் கிடக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் முதலில் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துப் பார்க்கலாம். குற்றப்பத்திரிகை போடாத வழக்கு என்றால், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று போலீஸ் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்திருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை போட்டிருந்தால், அரசு வழக்கறிஞர் மனு போட்டு நீதிமன்றம் சம்மதித்தால்தான் அது முடியும், முதல்வரின் அறிவிப்பு மட்டும் போதாது. 188, 269 மாதிரி ஓராண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களை ஓராண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும் என்று காலவரம்பும் உண்டு. கொரோனாவுக்காக 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்தது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. எந்த வகையில் முடிந்திருந்தாலும், சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு போட்டு அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வெரிஃபிகேஷனுக்கு ஆள் வரும்போது வாபஸ் ஆகிவிட்டது என்று வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.